தேவையை நிரூபிக்கச் சொன்னால் பதுக்கல் நின்றுவிடுமா?

கேள்வி: நடுத்தர அளவிலான ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் வலையமைப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2009இல் நாங்கள் வாங்கிய ஒரு சிறிய நிறுவனத்தோடு 4,096 ஐபிவி4 முகவரிகள் (இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்கள்) கொண்ட தொகுதி ஒன்றும் எங்களிடம் வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு தரகர் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். இன்னொருவர், விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள் என்கிறார். இதற்கிடையில் எங்கள் பகுதிக்கு இந்த முகவரிகளைப் பங்கிட்டுப் பதிவேட்டைப் பராமரிக்கும் மண்டலப் பதிவகத்தின் கொள்கைக் குழுவுக்கு ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. முகவரிகள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறும்போது வாங்குபவர் தன் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற விதியை நீக்கிவிடலாம் என்கிறது அது. நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று எங்கள் நிர்வாக இயக்குநர் கேட்கிறார். விதியை எடுத்துவிட்டால் பணமுள்ளவர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட மாட்டார்களா? இலவசமாகக் கிடைத்ததை விற்பது நியாயமா? பதிவேட்டில் தொகுதி இன்றும் அந்தப் பழைய நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வணக்கம். போகிறபோக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். கொள்கை விவாதம் இன்னும் சில மாதங்கள் ஓடும். பழைய பெயரில் கிடக்கும் தொகுதி அதுவரை பத்திரமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

நீங்கள் வாங்கிய நிறுவனம் இன்று சட்டப்படி உயிரோடு இருக்கிறதா? பதிவேட்டில் தொடர்புக்கு என்று கொடுத்திருக்கும் மின்னஞ்சல் யாருடையது? அந்த மின்னஞ்சலின் டொமைன் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? முகவரித் திருடர்கள் தேடி அலைவது இப்படிப்பட்ட தொகுதிகளைத்தான். மூடப்பட்ட நிறுவனத்தின் டொமைன் காலாவதியாகும் வரை காத்திருந்து, அதைத் தங்கள் பெயரில் பதிவுசெய்து, பழைய மின்னஞ்சல் முகவரியை உயிர்ப்பித்து, "நாங்கள்தான் அந்த நிறுவனம்" என்று பதிவகத்துக்கு எழுதுவார்கள். அல்லது அந்தச் சிரமமும் இல்லாமல், பயன்படாத பகுதியைத் தங்கள் வலையமைப்பிலிருந்து, இந்த முகவரிகள் எங்களிடம்தான் என்று மற்ற வலையமைப்புகளுக்கு அறிவிக்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அமைதியாகக் கிடக்கும் தொகுதியில் இது பல வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் நடக்கலாம்.

ஆகவே முதல் வேலையாக அந்த டொமைனைப் புதுப்பித்து உங்கள் கட்டுப்பாட்டில் வையுங்கள். பிறகு 2009இன் கொள்முதல் ஒப்பந்தம், சொத்து மாற்றப் பத்திரம், பழைய நிறுவனம் கலைக்கப்பட்டதற்கோ இணைக்கப்பட்டதற்கோ அரசுச் சான்று, அன்றிலிருந்து அந்த முகவரிகளை இயக்கிவருவது நீங்கள்தான் என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். இணைப்பு, கையகப்படுத்தல் வழியாக வரும் பெயர் மாற்றத்துக்கு எல்லா மண்டலப் பதிவகங்களும் விற்பனையிலிருந்து வேறான ஒரு வழி வைத்திருக்கின்றன. பாக்கிக் கட்டணம் இருந்தால் கட்டிவிடுங்கள். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையெழுத்துப் போடுங்கள்" என்று எந்தத் தரகராவது சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இயக்குநரின் கேள்விக்கு வருகிறேன்.

தேவையை நிரூபிக்கச் சொல்லும் விதி பிறந்த காலம் வேறு. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் கொண்டது. அதனால் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான், அதிலும் ஒரு பகுதி சிறப்புப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. கேட்டவர்களுக்குப் பொதுக் கையிருப்பிலிருந்து இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ கொடுத்துவந்த நாட்களில், "எத்தனை கணினி வைத்திருக்கிறாய், அடுத்த ஆண்டு எத்தனை வரும்" என்று கேட்காமல் கொடுத்திருந்தால் ஒரே ஆண்டில் எல்லாம் போயிருக்கும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 2050 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் அந்த நடைமுறையை எழுதி வைத்தது. பங்கீட்டுக்கு வேறு கருவி இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி தேவைப்பட்டது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1.68 கோடி முகவரிகள். ஆசிய-பசிபிக் மண்டலத்தின் ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. வட அமெரிக்காவின் ஏரின் 2015 செப்டம்பரில் கையை விரித்தது. ஐரோப்பாவின் ரைப் என்சிசி 2019 நவம்பரில் கடைசியாக மிஞ்சியதையும் கொடுத்து முடித்தது. இப்போது கணிசமான அளவில் முகவரி வேண்டும் என்றால் வைத்திருப்பவரிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். அதாவது, பங்கீடு செய்வதற்காக எழுதிய விதியைப் பங்கிட எதுவுமே இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் அதை ஒரு காவல் என்று வைத்திருக்கலாமே, பணமுள்ளவர்கள் குவிப்பதைத் தடுக்குமே என்கிறீர்கள். தடுத்திருக்கிறதா என்று பார்ப்போம்.

2011இல், திவாலான நார்டெல் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு முகவரிக்கு 11.25 டாலர். 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளில் ஏறத்தாழ பாதியை விற்பதாக அறிவித்தது. அதில் பெரும் பகுதி அமேசானுக்குப் போனது. 2019இல் அமெச்சூர் வானொலி ஆர்வலர்களுக்கென்று 1980களிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த பெருந்தொகுதியில் கால்வாசி, ஏறத்தாழ 42 லட்சம் முகவரிகள், அதே அமேசானுக்கு 10 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. இன்று அந்த நிறுவனத்திடம் பத்துக் கோடிக்கும் மேல் முகவரிகள் இருக்கின்றன. இவை எல்லாம் நடந்தது ஏரின் மண்டலத்தில். தேவைச் சோதனையை இன்றுவரை, சில தளர்வுகளோடு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மண்டலம் அது. மாபெரும் மேகக்கணினி நிறுவனத்திடம் "உனக்கு இத்தனை முகவரி எதற்கு" என்று கேட்டால் அது ஒரே மூச்சில் கணக்குக் காட்டிவிடும். உண்மையாகவே அதற்குத் தேவை இருக்கிறது. சோதனையில் தடுமாறுவது யார் தெரியுமா? வாடிக்கையாளர் இன்னும் சேராத புதிய சிறு நிறுவனம். இரண்டு ஆண்டுக்குப் பிறகான தேவையை அது எந்தக் காகிதத்தில் காட்டும்?

பொய்யாகக் காட்டுபவர்களுக்கோ சிரமமே இல்லை. அதே மண்டலத்தில் ஒரு நிறுவனம், பெயரளவில் இருந்த பல கிளை நிறுவனங்களையும் இல்லாத அதிகாரிகளையும் உருவாக்கி, போலி ஆவணங்கள் காட்டி ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளைப் பெற்றது. 2019இல் அது குற்ற வழக்கானது. அத்தனை விண்ணப்பங்களும் தேவைச் சோதனையைக் கடந்து வந்தவைதான்.

மறுபக்கம் பாருங்கள். ரைப் மண்டலம் 2014இல் மண்டலத்துக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு முகவரிகள் கைமாறும் மாற்றங்களுக்குத் தேவைச் சோதனையை எடுத்துவிட்டது. அப்போதும் இதே அச்சத்தைத்தான் சொன்னார்கள். அங்கே சிறு நிறுவனங்கள் வாங்குவதும் விற்பதும் தினசரி வேலையாக நடந்துகொண்டிருக்கிறது. விலை ஏறியது உண்மை. 2021 முடிவில் ஒரு முகவரி 50 டாலரைத் தாண்டியது. ஆனால் அது உலகச் சந்தையின் விலை. சோதனை இருந்த மண்டலங்களிலும் அப்படித்தான் ஏறியது, பிறகு இறங்கவும் செய்தது.

என் கவலை பதுக்கலைப் பற்றியது இல்லை. சோதனையில் தோற்ற வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. விற்பவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போடுகிறார். முழுப் பணமும் கைமாறும். முகவரிகள் வாங்கியவரின் ரவுட்டர்களில் ஓடத் தொடங்கும். பெயர் மட்டும் பதிவேட்டில் விற்றவருடையதாகவே இருக்கும், "விதி மாறியதும் மாற்றித் தருகிறேன்" என்ற வாக்குறுதியோடு. அல்லது அதையே நீண்ட காலக் குத்தகை என்று எழுதிக்கொள்வார்கள். நாளை அந்த முகவரியிலிருந்து ஒரு தாக்குதல் வந்தால் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் தொலைபேசியில் அழைக்கும் ஆளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

நிலப் பதிவோடு இதை ஒப்பிடுவது வழக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் யாரும் "இந்த நிலத்தில் பயிர் செய்வீர்களா" என்று கேட்பதில்லை என்பார்கள் சோதனையை எதிர்ப்பவர்கள். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். பதிவு தவறாக இருந்தாலும் நிலம் அங்கேயே கிடக்கும். முகவரிக்கு அப்படி ஓர் இருப்பு கிடையாது. இந்த எண்கள் இன்னாருடையவை என்று உலகின் வலையமைப்புகள் எல்லாம் ஒரே பதிவேட்டை நம்புவதால்தான் அது முகவரியாகவே இருக்கிறது. பதிவேடு பொய்யாகும் அளவுக்கு இணையமும் நம்ப முடியாததாகும். ஒரு விதி எவ்வளவு நியாயமானதாகத் தோன்றினாலும், மக்களைப் பதிவேட்டுக்கு வெளியே தள்ளினால் எனக்கு அது வேண்டாம். இந்த விவாதத்தில் என் அளவுகோல் இது ஒன்றுதான்.

சரி, எதிர்த்தரப்பில் ஒன்றும் இல்லையா? இரண்டு விஷயங்களில் அவர்கள் சொல்வது சரி.

முதலாவது, பதிவகத்திடமிருந்தே நேராகக் கிடைக்கும் சிறு தொகுதிகள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தோ கடைசிக் கையிருப்பில் இருந்தோ குறைந்த கட்டணத்தில் வாங்கி மறுநாளே சந்தை விலைக்கு விற்பது அப்பட்டமான கொள்ளை. அது நடந்தும் இருக்கிறது. ஏரின் 2019இல் தன் காத்திருப்போர் பட்டியலையே நிறுத்திவைத்து, பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்றும், பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் அவற்றை விற்க முடியாது என்றும் விதியை இறுக்கித் திறந்தது. ஏப்னிக்கும் தன் கடைசிப் பெருந்தொகுதிக்கு ஐந்தாண்டுத் தடை வைத்தது. இந்தத் தடைகள் அவசியம். தேதி என்பது பதிவேட்டிலேயே இருப்பதால் இதைச் சரிபார்ப்பதும் எளிது. எதிர்காலத் தேவையைப் போல ஊகிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மண்டலங்களுக்கு இடையிலான கதவு. இங்கேதான் உங்கள் குழுவில் பலர் கவனம் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஏரின், தன் மண்டலத்து முகவரிகள் தேவைச் சோதனை இல்லாத இடத்துக்குப் போவதை ஏற்பதில்லை. ஏப்னிக் ஒருமுறை சோதனை இல்லாத மாற்றத்துக்கு வழிவகுத்துவிட்டு, அந்தக் கதவு மூடிக்கொள்ளும் என்று தெரிந்ததும் 2011இல் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன் பிறகே 2012இல் இரு மண்டலங்களுக்கிடையே மாற்றங்கள் தொடங்கின. ரைப் இதற்கு ஒரு சமாளிப்பு கண்டுபிடித்தது. தேவை கேட்கும் மண்டலத்திலிருந்து வரும் முகவரிகளுக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பாதியையாவது பயன்படுத்துவேன் என்று வாங்குபவர் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும். மண்டலத்துக்குள் எதுவும் கேட்பதில்லை. கொஞ்சம் வேடிக்கையான ஏற்பாடுதான். ஆனால் வேலை செய்கிறது.

ஆகவே என் ஆலோசனை: முன்மொழிவை ஆதரியுங்கள், இரண்டு திருத்தங்களோடு. பதிவகத்திடமிருந்து நேரடியாகப் பெற்ற தொகுதிகளுக்கான விற்பனைத் தடைக் காலத்தைத் தொடக் கூடாது. மண்டலம் தாண்டி வரும் மாற்றங்களுக்கு ரைப் வைத்திருப்பதைப் போன்ற எளிய பயன்பாட்டுத் திட்டம் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது திருத்தம் இல்லாவிட்டால் எதிர்த்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் வரத்தே அடைபட்டுப்போனால், உள்ளூர்ச் சந்தையில் விதி எவ்வளவு தளர்ந்திருந்தாலும் வாங்கச் சரக்கு இருக்காது.

"அப்படியானால் பதிவகமே விதிகளைக் கடுமையாக அமல்படுத்தட்டுமே" என்று உங்கள் குழுவில் யாராவது நிச்சயம் எழுந்து சொல்வார்கள். ஆப்பிரிக்க மண்டலத்தின் ஆஃப்ரினிக் அதைச் செய்து பார்த்தது. ஏறத்தாழ 60 லட்சம் முகவரிகள் பெற்ற ஒரு நிறுவனம் அவற்றை ஒப்பந்தத்துக்கு மாறாகப் பயன்படுத்துகிறது என்று சொல்லித் திரும்பப் பெற முயன்றது. நிறுவனம் மறுத்து மொரீஷியஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 2021இல் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. பிறகு இயக்குநர் குழு செயல்பட முடியாத நிலை, நீதிமன்றம் நியமித்த நிர்வாகி என்று ஆண்டுகள் ஓடின. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் நான் இறங்கவில்லை. பயன்பாட்டை வேவு பார்க்கும் பொறுப்பை ஒரு சிறிய பதிவகத்தின் தலையில் வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் பாருங்கள்.

இலவசமாகக் கிடைத்ததை விற்கலாமா என்று கேட்டீர்கள். விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து யோசியுங்கள். பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2000இல் ஏறத்தாழ 1.68 கோடி முகவரிகளைத் திருப்பிக் கொடுத்தது. கையிருப்பு தீர்வதற்கு முந்தைய ஆண்டின் வேகத்தில் அந்த அளவு ஒரு மாதம்கூடத் தாங்காது. மற்றவர்களில் பெரும்பாலோர் சும்மா வைத்துக்கொண்டார்கள். ஏனெனில் முகவரிகளைக் காலி செய்வது கைச்செலவு பிடிக்கும் வேலை. ஒவ்வொரு சர்வரையும் தேடிப் பிடித்து எண் மாற்ற வேண்டும். விலை கிடைக்கும் என்றதும்தான் அந்த வேலையைச் செய்தார்கள். எம்ஐடி, விற்ற பணத்தின் ஒரு பகுதி தன் வலையமைப்பை, ஏராளமான முகவரிகள் கொண்ட அடுத்த தலைமுறை முறையான ஐபிவி6க்கு மேம்படுத்தும் செலவுக்குப் போகும் என்று அறிவித்தது. இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீங்களும் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த விலையில் இந்தத் தொகுதிக்கும் சேர்த்துத்தானே கொடுத்திருப்பீர்கள்?

விற்பதா, குத்தகையா? பெயர் மாற்றம் முடிந்ததும் பாதியை விற்றுவிடுங்கள் என்பேன். முழுவதையும் வேண்டாம். உங்கள் கணக்குப்படி ஏறத்தாழ 1,360 முகவரிகள் பயன்பாட்டில் இருக்கின்றன. அவை தொகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கும், சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் ஒரு பாதிக்குள், அதாவது தொடர்ச்சியான 2,048க்குள் நகர்த்திவிட்டால் மறு பாதி ஒரே துண்டாகக் கையில் வரும். உங்களுக்கும் வளர இடம் இருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிள்ளி விற்றால், 256க்குக் குறைவான துண்டுகளைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்பதில்லை என்பது ஒரு பக்கம். எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் வைத்திருக்கும் உலக ரூட்டிங் அட்டவணையை வீணாக வீங்க வைப்பது இன்னொரு பக்கம்.

இன்னும் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா என்றால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூகுளின் அளவீட்டில் அதன் பயனர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்று ஐபிவி6 வழியாக வருகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர். வாடிக்கையாளர்கள் தேவையற்ற முகவரிகளைக் கைவிட இதைவிட வேறு தூண்டுதல் வேண்டாம். பெரிய வாங்குபவர்களின் பசி தணியும்போது விலை எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குத்தகையை நான் முற்றாக மறுக்கவில்லை. மாத வருமானம் வரும். ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் முகவரியிலிருந்து யாரோ முகம் தெரியாதவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் தடுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் தொகுதி. சில சமயம் பக்கத்தில் இருக்கும் நல்ல பகுதியும் சேர்ந்து ஏறும். அதிலிருந்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்படியும் குத்தகைக்கு விடுவதானால், பயன்படுத்துபவர் யார் என்பதைப் பதிவேட்டில் துணை ஒதுக்கீடாக எழுதுங்கள். எந்த வலையமைப்பு இந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்று உறுதிசெய்யும் ஆர்பிகேஐ ரூட்டிங் சான்றுகளை வழங்கும் உரிமையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். முறைகேடு புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் நிறுத்துவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

விற்பனைக்கும் சில வார்த்தைகள். பணம் மூன்றாம் தரப்பு வைப்புக் கணக்கில் விழுந்த பிறகே மாற்ற விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பதிவேட்டில் பெயர் மாறியதும் அது விடுவிக்கப்பட வேண்டும். விற்கும் பாதிக்கான பழைய ரூட்டிங் சான்றுகளை நீக்குங்கள், இல்லாவிட்டால் வாங்கியவரின் அறிவிப்புகள் செல்லாதவை என்று பல இடங்களில் நிராகரிக்கப்படும், முதல் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும். தடுப்புப் பட்டியல்களில் தொகுதியின் நிலையை முன்கூட்டியே பார்த்துச் சுத்தம் செய்துவிட்டால் பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

கொள்கைக் குழுவில் பேசும்போது, எங்களிடம் விற்பதற்கு முகவரி இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அங்கே தரகர்களும் வருகிறார்கள், எல்லோரும் தாங்கள் யார் என்று சொல்லிவிட்டுப் பேசுவதில்லை. சொல்லிவிட்டுப் பேசுபவரின் வாதம் எடைபோடப்படும். இது வாக்கெடுப்பு இல்லை, ஒருமித்த கருத்தைத் தேடும் முறை. "ஆதரிக்கிறேன்" என்று மட்டும் எழுதுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த இரண்டு திருத்தங்களையும் விதி வாசகமாகவே எழுதிக் கொண்டுபோங்கள். வாசகம் தயாராக இருந்தால் குழுத் தலைவர்கள் அதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.